காக்காவை விமானம் ஏற்றிவிட

எங்கள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, ஆண்டு விழாவைத் தொகுத்துப் பேச ஆள் வேண்டும். இரண்டு, சென்ற ஆண்டு விழாவில் நான் பேசியதைப் பற்றி யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவரிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

"இரும்வே. இந்த லிஸ்டப் பாரும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

ஒன்பது பெயர்கள். ஒன்பதும் முஸ்லிம் பையன்கள். மேலப்பாளையம், ஏர்வாடி, காயல்பட்டினம் என்று எதிரே ஊர்கள்.

"பொம்பளப் பிள்ளைங்க ஒழுங்கா மூணு வருசம் முடிச்சிட்டுப் போவுதுங்க. இந்தப் பயலுவதான் முத வருசம் முன் பெஞ்சுல இருக்கான், ரெண்டாம் வருசம் கடைசி பெஞ்சுல இருக்கான், மூணாம் வருசம் துபாய்ல இருக்கான். இனிமே இந்த ஒம்பது பேரும் உம்ம வார்டு. வாரம் ஒருக்கா கூப்பிட்டுப் பேசும். வீட்டுல என்ன, படிப்புல என்ன, ஏன் லீவுன்னு விசாரியும். ஒருத்தனும் நடுவுல நிக்கப்பிடாது."

"எதுக்கு சார் என்னைய?"

"நீரு வாயத் தொறந்தா சிரிப்பு மூட்டுவீரே. பயலுவ ஒட்டிக்கிடுவானுவ."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவரும் பாராட்டாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், எனக்கு ஒன்பது வார்டு கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையடித்தேன். என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல், "ஆஸ்பத்திரியிலயா, எலெக்‌ஷன்லயா? ரெண்டுலயும் உங்களப் பாத்துச் சிரிக்கத்தான் போறாங்க" என்றாள். என் வீட்டில் இரண்டு கோமாளிகள், சம்பளம் ஒருவருக்குத்தான்.

நான் தமிழ் வாத்தியார். அதுவும் எல்லாத் துறைப் பையன்களும் கட்டாயத்துக்கு வந்து உட்காரும் பொதுத்தமிழ். இயற்பியல் படிக்க வந்தவன், கணினி படிக்க வந்தவன், அறுபது பேரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மின்விசிறி சுற்றும். கண்கள் செருகும். அந்த நேரத்தில் அறுபது பேரை விழிக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சிரிப்பு. வழி என்று சொல்வது கௌரவத்துக்காக. உண்மையில் அது ஒரு பசி. பத்து நிமிடம் யாரும் சிரிக்கவில்லை என்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

முதல் கூட்டத்தை கேன்டீனில் வைத்தேன். சமோசா என் செலவு. எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தார்கள். முதல்வர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தபடி, "ஒம்பதாவது ஆள் எங்கலே? பிசிக்ஸ், ரெண்டாம் வருசம், காயல்பட்டினம்னு போட்டிருக்கு" என்றேன்.

மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் இருந்தான். கணினிப் பிரிவு. அவனுக்கு வாயில் கதவே கிடையாது. "யாரு சார், நம்ம காக்காவா?" என்றான்.

மேசைக்கடியில் ஒரு செருப்பு இன்னொரு செருப்பை மிதித்தது. எட்டுப் பேரும் சமோசாவைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, அவன் முதலாண்டு மாணவன். ஒரு நாள் வகுப்பு தொடங்கும் முன் மேசையில் விடுப்புக் கடிதம் ஒன்றை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். நல்ல கையெழுத்து. "எனது காக்காவை விமானம் ஏற்றிவிடத் திருவனந்தபுரம் செல்ல இருப்பதால் நாளை ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்கும்படி" என்று எழுதியிருந்தான். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது தெரியும். இதை இங்கேயே எழுதிவிட வேண்டும். ஏனென்றால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். வட்டார வழக்கு என்று ஒரு பாடமே நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். தெரியும். தெரிந்துதான், அறுபது பேருக்கும் கேட்கும்படி அந்த வரியை வாசித்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தேன்.

"ஏம்லே, உங்க காக்காவுக்கு ரெக்கை இல்லியா? பிளேன் எதுக்கு?"

அப்படி ஒரு சிரிப்பை என் பதினாறு வருச வேலையில் நான் கேட்டதில்லை. பக்கத்து வகுப்பு வேதியியல் பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒருவன் பெஞ்சைக் குத்திக் குத்திச் சிரித்தான். இடைவேளையில் ஆசிரியர் அறையில் அதையே மறுபடி நடித்துக் காட்டினேன். அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் சொன்னேன். சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. காக்காவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி போட்டோ பிடிப்பார்கள் என்றெல்லாம் சேர்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு வருகைப் பதிவு எடுக்கும்போது நான் அவன் எண் "முப்பத்தேழு" என்றால் பின்வரிசையிலிருந்து யாராவது "கா... கா..." என்பார்கள். நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. ஆனால் சிரித்தேன். கொஞ்ச நாளில் முப்பத்தேழுக்குப் பதிலே வராமல் போயிற்று. பதில் வராத எண்ணுக்கு எதிரில் ஒரு கோடு போட்டுவிட்டு முப்பத்தெட்டுக்குப் போவது என் வேலை. போனேன்.

கேன்டீனிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போய் அந்த வகுப்பின் வருகைத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். விடுப்பு எடுத்துத் திருவனந்தபுரம் போய்வந்த மறு வாரத்திலிருந்து முதல் கோடு. என் பாட வேளை. அடுத்த கோடும் என் பாட வேளை. ஒரு மாதம் என் வேளைகளில் மட்டும். பிறகு தமிழ் இருக்கும் நாட்களில் மதியம் முழுக்க. பிறகு ஆங்கிலத்திலும் கணக்கிலும் அங்கங்கே. பட்டப்பெயர் வகுப்பு வகுப்பாகப் பரவிய வழியைக் கோடுகளே காட்டின. முதலாண்டில் எப்படியோ விளிம்பில் தப்பியிருக்கிறான். இரண்டாம் ஆண்டில் பாதி நாட்கள் கோடுதான்.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா பரீச்சை எழுத விட மாட்டாங்க சார்" என்றார் அலுவலக உதவியாளர். "இனிமே ஒரு நாள் விடாம வந்து, வார்டு சாரு கையெழுத்தோட லெட்டரும் குடுத்தா எழுதலாம். இல்லன்னா இந்த வருசம் போச்சு."

வருசம் போனவன் திரும்பி வந்து படித்து நான் பார்த்ததில்லை. அடுத்து பாஸ்போர்ட்தான். காரணம் தெரியாமல் முதல்வர் அவனை மீட்டுக் கொண்டுவரும் பொறுப்பை, துரத்தியவன் கையிலேயே கொடுத்திருந்தார்.

அவன் போனை எடுக்கவில்லை. கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போகும் குறுஞ்செய்திகளுக்கு அவன் தன் எண்ணையே கொடுத்திருந்தான். அவன் வராத தகவல் அவனுக்கே போய்க்கொண்டிருந்தது. மேலப்பாளையத்துப் பையனைத் தனியே பிடித்தேன்.

"காலேஜுக்கு வரலன்னாலும் ஊருக்கு வந்திருவான் சார். காலையில திருச்செந்தூர் ரயில்ல வாரான். பாளையங்கோட்ட ஸ்டேஷன்ல எறங்குதான். அங்கனயே கடைசி பெஞ்சுல இருந்துட்டு சாயங்கால வண்டியில போயிருதான். வீட்டுல காலேஜ் போறதா நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

மறுநாள் எனக்கு முதல் வேளை வகுப்பு இல்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். நடைமேடையின் கடைசி பெஞ்சில் மடியில் ஏதோ விரித்துவைத்து வரைந்துகொண்டிருந்தான். இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. அவன் செய்யாத சோதனைகளுக்கு யாரிடமோ வாங்கி, அளவுகோல் வைத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இருலே, இரு. என்ன, ரயில்வேயில வேல கெடச்சிட்டுன்னு சொல்லவே இல்ல?" என்றேன்.

வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. அவன் சிரித்தான். மரியாதைக்கு. உதடு மட்டும். ஓர் ஆண்டாக நான் சிரிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்த பலவும் இந்த வகைதானோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு அந்த லெட்டர் விஷயத்துல நான் செஞ்சது தப்புலே" என்றேன்.

"பரவால்ல சார். எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்."

"தெரிஞ்சே செஞ்சேன்."

"தெரியும் சார். உங்களுக்குத் தெரியாம இருக்காதுல்லா." அவன் ரெக்கார்டு நோட்டை மூடினான். "மொதல்ல சகோதரர்னுதான் சார் எழுதினேன். அப்புறம் அதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள்ல எழுதினேன். முந்தின வாரம் நீங்கதான கிளாஸ்ல சொன்னீங்க, உங்க ஊர்ச் சொல்ல எழுத வெக்கப்படாதீங்கலே, அதுவும் தமிழுதான்னு."

சொல்லியிருக்கிறேன். ஆண்டுதோறும் அதே பாடத்தில், அதே இடத்தில், குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துச் சொல்வேன். அதை ஒருவன் நம்பியிருக்கிறான் என்பது எனக்குப் புதுச் செய்தி. எனக்கு உடனே ஒரு நகைச்சுவை தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"நாளைக்குக் கிளாஸுக்கு வா. எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்புக் கேக்கேன்."

அவன் முகம் மாறியது. "வேண்டாம் சார். திரும்ப அதக் கிளாஸ்ல எடுத்தீங்கன்னா அத்தோட நான் நின்னுருவேன். எங்க வீட்டுல விசாவுக்குச் சொல்லியிருக்கேன். வந்துட்டுன்னா போயிருவேன்."

சொல்லிவிட்டு வணக்கம் வைத்தான். கூட்டம் முடிந்தது என்று தலைவர் சொல்வதுபோல இருந்தது. நான் எழுந்து வந்தேன். பெரிய மனிதனைப் போல மன்னிப்புக் கேட்டு, கைத்தட்டலும் வாங்கிவிடலாம் என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டிருந்ததை அந்தப் பையன் எப்படிக் கண்டுபிடித்தானோ.

மேலப்பாளையத்துப் பையன் சும்மா இருக்கவில்லை. யார் யாரையோ பிடித்து, சவூதியில் தமாமில் வேலை பார்க்கும் அந்த அண்ணனின் எண்ணை வாங்கிச் செய்தி அனுப்பிவிட்டான். என் எண்ணையும் சேர்த்து. அந்த வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு அழைப்பு வந்தது.

"சார், நான் அவன் காக்கா பேசுதேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

"தம்பி ஒழுங்கா வரலன்னு கேள்விப்பட்டேன் சார். நான் ரெண்டாம் வருசத்துல நின்னவன். வாப்பாவுக்கு முடியாமப் போயிட்டு, வந்துட்டேன். இவனாவது முடிக்கட்டும்னு பாக்கேன். இவன் என்னடான்னா விசா அனுப்பு, விசா அனுப்புங்கான். இங்க வந்து பெட்டி தூக்கவா சார்? அங்க யாரும் அவன ஏதும் சொன்னாங்களா?"

என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. வயசுக் கோளாறு. சேர்க்கை சரியில்லை. பாடம் கொஞ்சம் கடினம். மூன்றும் எந்தப் பெற்றோரிடமும் செல்லும். முதலாவதை எடுத்தேன், வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். கடிதத்தை, நான் அதை வாசித்ததை, கேட்ட கேள்வியை, அதன் பிறகு வகுப்பில் நடந்ததை எல்லாம் சொன்னேன். மெருகு இல்லாமல் அந்த வேடிக்கையைச் சொல்வது அதுதான் முதல் தடவை. மெருகு இல்லாமல் அதில் ஒன்றுமே இல்லை.

அந்தப் பக்கம் பின்னோக்கி வரும் வண்டி ஒன்றின் 'பீப் பீப்' ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவர் லேசாகச் சிரித்தார்.

"ரெக்க இல்லியான்னு கேட்டீங்களாக்கும். நல்லாத்தான் சார் இருக்கு. என்கிட்ட கேட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்." என்றார். "அன்னைக்கு ஏர்போர்ட்டுல அவன் என்கிட்டப் பேசவே இல்ல சார். நான் போறேன்னு வருத்தம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் போன்ல அண்ணே, அண்ணேன்னுதான் கூப்பிடுதான். காலேஜுக்குப் போனதும் புள்ள மாறிட்டான்னு உம்மா சொன்னாங்க. நானும் சரி, படிச்ச புள்ளைங்க அப்படித்தான் கூப்பிடும் போலன்னு விட்டுட்டேன்."

ஒரு வகுப்பைத்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்வி ரயில் ஏறி அவன் வீடுவரை போயிருக்கிறது. அவன் உம்மாவும் வாப்பாவும் அறியாமல், பிறந்ததிலிருந்து அவன் வாயில் இருந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு வந்திருக்கிறது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோவத்துல சொல்லல" என்றார். "அவன வேற யாருகிட்டயாவது மாத்தி விட்டுருங்க. உங்களப் பாத்தா அவனுக்கு அது ஞாபகம் வரும்லா. விசா நான் அனுப்ப மாட்டேன். படிப்ப முடிக்காம அந்தப் பேச்சே கெடையாதுன்னு சொல்லிருதேன். அங்கன உள்ளத நீங்க பாத்துக்கிடுங்க."

முதல்வரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீரு இதச் சொன்னப்போ நானும் விழுந்து விழுந்து சிரிச்சேனேவே" என்றார்.

"ஆமா சார்."

"சரி. யாருகிட்ட மாத்தணும்?"

இயற்பியல் துறையில் ஒரு மேடம் இருக்கிறார். அவர் சிரித்துப் பார்த்த ஆள் யாரும் கல்லூரியில் கிடையாது. ஆண்டு விழாவில் நான் தொகுத்துப் பேசும்போது முன்வரிசையில் அமர்ந்து விடைத்தாள் திருத்துகிறவர். அவரைப் பற்றி நான் கட்டிவைத்திருந்த கதைகள் ஏழெட்டு இருக்கும். அவர் பெயரைச் சொன்னேன்.

அவர் என்ன பேசினார், எப்படி அவனைக் கூட்டிவந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டேன். "காலைல அந்த ரயில் வாற நேரத்துக்கு போன் பண்ணி, எறங்கிட்டியாப்பான்னு கேப்பேன். வேற ஒண்ணும் இல்ல சார்" என்றார். வகுப்பு முடிந்து சாயங்கால வண்டி வரும்வரை ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஏதாவது வேலை கொடுத்து வைத்துக்கொள்வாராம். லென்சுகளைத் துடைத்து வகை பிரிப்பது, அறுந்த கம்பிகளைப் பற்றவைப்பது. அவன் பேசினால் கேட்பார். பேசாவிட்டால் அவரும் பேச மாட்டார். சமோசா கிடையாது.

இரண்டாம் ஆண்டிலும் அந்த வகுப்புக்குத் தமிழ் நான்தான். அவன் வந்தான். கடைசி வரிசை, சுவர் ஓரம். அவன் சொன்னபடி நான் எதையும் எடுக்கவில்லை. எண் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது பெயர் சொல்லித்தான் வருகை எடுக்கிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. அவன் திரும்பி வந்த முதல் நாள் அவன் பெயருக்கு ஒருவன் பின்னாலிருந்து பழைய ஓசையை எழுப்பினான். நான் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயல் முதலில் சிரித்தான். நானும் சிரிப்பேன் என்று காத்திருந்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதன் பிறகு அந்த ஓசை என் வகுப்பில் கேட்கவில்லை. வேறு வகுப்பில் கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. மற்ற எட்டுப் பேரும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார்கள். நான் ஏதாவது சொல்லி அவர்கள் சிரித்தால், அதில் எந்தச் சிரிப்பு மரியாதைக்கு என்று முகம் முகமாகப் பார்க்கிறேன். மனிதன் நிம்மதியாக ஒரு வேடிக்கைகூடச் சொல்ல முடியாத நிலை.

மேடம் கையெழுத்துப் போட்ட கடிதத்துடன் அவன் தேர்வு எழுதினான். அவனுடைய அறைக்குக் கண்காணிப்பாளராக என் பெயர் விழுந்திருந்தது. வேறு ஒருவரிடம் மாற்றிக்கொண்டேன். முடிவு வந்தபோது மேடமே என் மேசைக்கு வந்தார். இயற்பியலில் நல்ல மதிப்பெண். கணக்கு, ஆங்கிலம் எல்லாம் தேறிவிட்டான். தமிழில் மட்டும் அரியர்.

அதை முடிக்காமல் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாமல் அவன் போனால் அது இத்தனைக்கும் பிறகு ஒரு பாடத்தால், அதுவும் என் பாடத்தால் போனதாகும். திருத்தியது வெளியூர் ஆள்தான். ஆனாலும் ஓராண்டு வகுப்பில் கேட்காததை அவன் எங்கிருந்து எழுதுவான்?

"உங்ககிட்ட வந்து படிக்கச் சொன்னேன். மாட்டேங்கான் சார்" என்றார் மேடம். "யாருகிட்டயாவது நோட்ஸ் மட்டும் வாங்கித் தாங்க மேடம்னு கேக்கான்."

என்னிடம் நோட்ஸ் என்று ஒன்றுமே இல்லை. பதினாறு வருசமாக வாயாலேயே நடத்தியவன். ஒரு வாரம் உட்கார்ந்து ஐந்து அலகுகளையும் கையால் எழுதினேன். பக்கத்துக்கு இரண்டு இடங்களில் வேடிக்கை ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றையும் அடித்தேன். அடித்த தாள்களைத் திருப்பி எழுதினேன், அடித்த தடம் தெரியக்கூடாது என்று. ஒரு பையன் ரயிலில் உட்கார்ந்து, யாரும் அவனைச் சீண்டாமல், வினாவும் விடையுமாகப் படித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.

முப்பது பக்கங்களை நூல் கோத்து மேடத்திடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே நான்கைந்து பக்கங்களைப் புரட்டினார்.

"ரொம்ப வறட்சியா இருக்கே சார். நீங்களா எழுதினீங்க?"

"அப்படியே இருக்கட்டும் மேடம்" என்றேன். "யாரு எழுதினாங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"அவனுக்கு உங்க கையெழுத்து தெரியுமே சார்" என்றார். சொல்லிவிட்டு நோட்ஸை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். சாயங்கால வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. அரியர் தேர்வு அடுத்த மாதம்.